சிவப்பு மூடி

செப்டம்பர் 3

மாத்திரை கொடுக்கும் பெண் சொன்னாள்: "உடம்புல என்ன மாறுனாலும் எழுதி வைங்க்கா. அடுத்த தடவ வர்றதுக்குள்ள மறந்து போயிரும்." அதற்காகத்தான் உட்கார்ந்தேன். எழுத என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. கழுத்துக் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. நன்றாகப் பசிக்கிறது.

எனக்குக் காசநோய். நுரையீரலில் இல்லை, கழுத்து நெறிகட்டியில். இருமல் கிடையாது, யாருக்கும் ஒட்டாது. இத்தனை வருடம் லேபில் ரத்தம் எடுக்கும் எனக்கே இதை நம்பச் சில நாட்கள் பிடித்தன. மற்றவர்கள் எங்கே நம்பப் போகிறார்கள்? என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத. ரத்தம் எடுக்கற கை. தெரிஞ்சா எவன் கைய நீட்டுவான்?" அதனால் உடுமலை ஆஸ்பத்திரிக்குப் போகாமல், அம்மா வீட்டு விலாசம் கொடுத்துத் தாராபுரத்தில் வாங்குகிறேன். லேபில் கேட்டால் தைராய்டு மாத்திரை. மகள் நித்திலா கேட்டாலும் அதேதான்.

செப்டம்பர் 9

கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டேன். வேறு மாற்றம் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நித்திலாவின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவளுக்கு விழுந்த தலைப்பு, சோதனைக் குழாய்களின் வகைகள். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமேம்மா" என்று சார்ட் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டாள். சமையல் எல்லாம் அப்படியே கிடந்தது.

பள்ளியில் பார்க்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து ஆரம்பித்தேன். வாயில் விளிம்பு வைத்தது, பிடிக்கவும் ஊற்றவும் வசதி. அகலமாக, கெட்டிக் கண்ணாடியில் இருப்பது கொதிக்க வைக்க. சுண்டுவிரல் அளவு இருப்பது நெருப்பில் பழுக்கக் காய்ச்ச. ஒரு தடவைக்கு மேல் ஆகாது. அடி கூராக இருப்பது சுழலும் இயந்திரத்தில் போட்டுச் சுற்ற, கனமானதெல்லாம் கூருக்குள் போய் உட்காரும்.

பிறகு எங்கள் லேபின் ரத்தக் குழாய்கள். இங்கே எல்லாமே மூடியின் நிறத்தில்தான். ஊதா, ரத்த அணுக்களை எண்ண. சாம்பல், சர்க்கரை பார்க்க. இளநீலம், ரத்தம் உறைகிற நேரம் பார்க்க. கோடு வரைக்கும் சரியாக நிறைய வேண்டும். மஞ்சள், அடியில் பசை வைத்தது. கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு எல்லாம் இதில்தான். சிவப்பில் பசையும் கிடையாது, உறையாமல் தடுக்கும் மருந்தும் கிடையாது. ரத்தம் தானாக உறைந்து மேலே தெளிநீர் நிற்கும். உடம்பில் மாத்திரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க அதுதான் நல்லது. பச்சையில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்தை லித்தியம் உப்போடு சேர்த்துப் பூசியிருப்பார்கள். சிவப்பும் பச்சையும் எங்களிடம் அதிகம் செலவாகாது.

நித்திலா வரைந்து, கலர் அடித்து நீட்டினாள்.

"கடைசி ரெண்டுக்கும் ஏன் ஒரே கலர் அடிச்சிருக்கற?" என்றேன்.

"ஏம்மா, இது சிவப்பு, இது பச்சை!"

ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் ஒரு மாதிரிப் பழுப்பாகத்தான் இருந்தன. மட்டமான பென்சில். அடுத்த தடவை நல்ல பெட்டியாக வாங்கித் தர வேண்டும்.

செப்டம்பர் 22

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பேப்பர் படித்தால் நடுவில் இருக்கும் எழுத்துகள் மட்டும் கலங்குகின்றன. வெள்ளெழுத்துதான், நாற்பதைத் தாண்டினால் வருவதுதானே. கண்ணாடிக் கடையில் பார்த்து ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். எழுத்து பெரிதாகிறது, கலங்கல் போகவில்லை. பழகப் பழகச் சரியாகுமாம்.

செப்டம்பர் 26

தாராபுரம். மாத்திரை கொடுக்கும் பெண் வழக்கம்போல் ஒரே மூச்சில் கேட்டாள்: "வாந்தி? மூட்டு வலி? கை கால் மதமதப்பு? கண்ணு, கலரு எல்லாம் தெரியுதா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க."

பின்னால் வரிசை நீளமாக இருந்தது. தெரிந்த முகம் ஏதாவது வந்துவிடப் போகிறதே என்று எனக்கு அவசரம்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

ரெஜினாதான் எல்லாம் செய்தாள். எங்கள் லேபில் இயந்திரம் பார்க்கும் பெண். சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் பூஜைச் சாமான் வாங்குவதிலிருந்து சந்தனம் குழைப்பது வரைக்கும் அவளை விட்டால் ஆள் இல்லை. சுழலும் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தாள். டாக்டர் நளாயினி சூடம் காட்டினார். லேப் அவருடையதுதான். பொரியும் சுண்டலும் தின்றோம்.

அலமாரி, தட்டு எல்லாவற்றையும் கழுவி ரெஜினா புதிதாக அடுக்கிவிட்டாள். என் கை தானாகப் போய் எடுக்கிற இடத்தில் இப்போது வேறு ஏதோ இருக்கிறது. எரிச்சலாக வந்தது. நல்ல நாளில் எதற்கு என்று சொல்லவில்லை.

அக்டோபர் 8

தர்மலிங்கம் மாஸ்டர் வந்தார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், வாலிபால் பழக்குகிறவர். மனநிலைக்காகப் பல வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். உடம்பில் அது கூடாமல் குறையாமல் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மற்றவர்கள் இந்த டெஸ்ட் சீட்டை மடித்துக் கொடுப்பார்கள். இவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னோட உப்பு எவ்வளவு இருக்குதுன்னு பாருங்க்கா. கம்மியானா ஆட்டம் பாட்டம்தான், ஜாஸ்தியானா படுக்கைதான்" என்பார். உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. எப்படித்தான் முடிகிறதோ.

சிவப்பு மூடியில் எடுத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தம் உறையவே இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. குழம்பிவிட்டது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று போனில் கேட்டேன். இல்லையாம். சுற்றியதும் மேலே தெளிநீர் வந்துவிட்டது. சின்னக் குப்பிக்கு மாற்றிக் கோவை பெரிய லேபுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை வந்த டியூப்களே சரியில்லை என்று நினைக்கிறேன். மூடியில் சாயம்கூட மங்கலாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 10

மாஸ்டரின் ரிப்போர்ட் வந்தது. லித்தியம் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். டாக்டர் நளாயினி உடனே அவருடைய மனநல டாக்டருக்குப் போன் செய்தார். மாத்திரையை நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்கள்.

ஒன்று எனக்குப் புரியவில்லை. இந்த அளவு இருந்தால் கை நடுங்கும், நடை தள்ளாடும், வாந்தி வரும். ரத்தம் கொடுத்த அன்று மாஸ்டர் படியை இரண்டு இரண்டாகத் தாவி இறங்கிப் போனார்.

அக்டோபர் 15

மாஸ்டருக்கு மறுபடி எடுத்தேன். மாத்திரை நிறுத்தியதிலிருந்து கொஞ்சம் தூக்கம் குறைச்சல் என்றார். மற்றபடி நன்றாக இருக்கிறார். ரத்தம் இந்தத் தடவையும் உறையவில்லை.

வீட்டில் தக்காளி சட்னி புளிப்பாக இருந்ததாம். "காயா பாத்து வாங்கியிருக்கற" என்றார் என் வீட்டுக்காரர். நான் பழமாகத்தான் பொறுக்கினேன்.

அக்டோபர் 17

குறையவே இல்லை. மாத்திரையை விட்டு ஒரு வாரம் ஆகிறது, ரத்தத்தில் லித்தியம் அப்படியே நிற்கிறது. சிறுநீரகம் வெளியேற்றவில்லையோ என்று அதையும் பார்த்தார்கள். சிறுநீரகம் கல்லுப் போல் நன்றாக இருக்கிறது.

மாஸ்டரின் மனைவி அம்சவேணி ரிப்போர்ட் வாங்க வந்தார். பால் சொசைட்டியில் வேலை. அதிகம் பேசாதவர். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏனுங்க்கா, மாத்திரை சாப்பிடாம இது இத்தன இருக்குமுங்களா?"

"இருக்காதுங்க."

"அப்ப எனக்குத் தெரியாம சாப்பிடறாருன்னுதான அர்த்தம்?"

காகிதம் அப்படித்தான் சொல்கிறது. "வீட்ல மாத்திரை இருந்தா எடுத்து வெச்சிருங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மாஸ்டர் பொய் சொல்லுகிற ஆளாகத் தெரியவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து என்ன தெரிகிறது? என்னைப் பார்த்து யாருக்கு என்ன தெரிகிறது?

அக்டோபர் 20, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சேலை கட்டி வந்தால் நித்திலா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, பச்சைச் சேலைக்கு அரக்குச் சிவப்பு ஜாக்கெட்டா? ஸ்டைலா?" எடுக்கும்போது பொருந்தத்தான் எடுத்தேன். இவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு ஏதாச்சும் பண்ணுதா உனக்கு?" என்றார். அடுப்படியில் புகை என்றேன்.

மத்தாப்பு எல்லாமே வெள்ளையாகத்தான் எரிந்தது. வர வர மருந்து சரியில்லை.

அக்டோபர் 23

மாஸ்டர் வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு சுவரில் போய் மோதியது. சட்டை முழுக்க வேர்வை. உட்காரவில்லை. பேச்சு ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தது.

"அக்கா, நம்ம உடுமலைல இருந்து இந்தியா டீமுக்கே ஆள் அனுப்பப் போறேன். தூங்கறதே வேஸ்டுங்க்கா. காத்தாடி தூங்குதா? இல்ல, காத்தாடி தூங்குதான்னு கேக்கறேன்! உங்க லேபுக்கு நானே பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்..."

கையைப் பிடித்து உட்கார வைக்கக் கூட வந்த அம்சவேணியால் முடியவில்லை. ரெஜினாவும் பிடித்தாள். ஊசி குத்தும்போது மட்டும் ஒரு நிமிஷம் அமைதியானார். என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் சாப்பிடலீங்க்கா. இவங்க யாருமே நம்ப மாட்டீங்கறாங்க. ரத்தம் பொய் சொல்லுமா? சொல்லாதுதான? அப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. நான் தூக்கத்துல எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடறனோ?"

அம்சவேணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

லித்தியம் அதிகமானால் ஆள் சோர்ந்துதானே விழ வேண்டும்? இது லித்தியம் இல்லாதவரின் ஆட்டம். எதுவும் எதோடும் பொருந்தவில்லை. தலை வலிக்கிறது.

அக்டோபர் 27

தெருவெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் வாலிபால் கோர்ட் கோடு போட்டிருக்கிறார். ஐயர் பேக்கரி முனையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும். பஸ்ஸை நிறுத்தி, கோட்டை மிதிக்காமல் போகச் சொல்லியிருக்கிறார். டிரைவர் இறங்கி வந்து தள்ளிவிட்டாராம். அம்சவேணியும் அவர் தம்பியும் வண்டி வைத்துக் கோவைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார்கள். பள்ளியில் விடுப்பு எழுதச் சொல்லிவிட்டார்களாம். மாவட்டப் போட்டிக்கு வேறு ஆள்.

ரெஜினா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 30

கோவை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் நளாயினிக்குப் போன். மாஸ்டரைச் சேர்த்த அன்றே எடுத்த ரத்தத்தில் லித்தியம் சுத்தமாக இல்லை. அதற்கு நாலு நாளைக்கு முன்னால் எடுத்து நாங்கள் அனுப்பியதில் எக்கச்சக்கம். "உங்க லேபுல என்னங்க நடக்குது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

டாக்டர் அறைக்குள் கூப்பிட்டார். திட்டவில்லை. யார் எடுத்தது, எப்படி எடுத்தது, எப்படி அனுப்பியது என்று நிதானமாகக் கேட்டார். எல்லாம் நான்தான். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ரத்தம் உறையாததைச் சொன்னேன். டியூப் மட்டம் என்றும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு தடவ பண்ணிப் பாத்துரலாம் தமயந்தி" என்றார்.

அக்டோபர் 31

எழுத வேண்டும். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் கூட்டம் குறைந்ததும் டாக்டர் வெளியே வந்தார். ரெஜினாவை நாற்காலியில் உட்கார வைத்தார். "ரெஜினா லித்தியம் சாப்பிடறதில்ல. மாஸ்டருக்கு எடுத்த மாதிரியே இவளுக்கு எடுங்க. அதே டெஸ்ட்" என்றார்.

தட்டிலிருந்து டியூபை எடுத்தேன். கட்டினேன், குத்தினேன், நிறைத்தேன், தலைகீழாகக் கவிழ்த்து மெதுவாக ஆட்டினேன். மேஜையில் வைத்தேன்.

டாக்டர் குனிந்து அதைப் பார்த்தார்.

"லித்தியம் பாக்கறதுக்கு எந்த மூடிங்க?" என்றார் டாக்டர்.

"சிவப்பு டாக்டர்."

"இப்ப எதுல எடுத்தீங்க?"

"சிவப்புலதான்."

ரெஜினா சிரித்துவிட்டாள். "அக்கா, காமெடி பண்ணாதீங்க்கா." நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

டாக்டர் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இந்த ரெண்டுல எது பச்சை?"

பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டும் மழையில் நனைந்த செங்கல் மாதிரி இருந்தன. ஒன்று கொஞ்சம் வெளுப்பு. வெளுத்ததைத் தொட்டேன். ரெஜினா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"தைராய்டுக்கு..."

"தமயந்தி."

அந்த ஒரு வார்த்தைதான். கத்தவில்லை. நான் கழுத்தை மூடியிருந்த சேலைத் தலைப்பை விலக்கி, கட்டியில் சதை எடுத்துப் பார்த்த தழும்பைக் காட்டினேன். "டிபிங்க. நெறிகட்டில. யாருக்கும் ஒட்டாதுங்க. சத்தியமா ஒட்டாது" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டது அது இல்லை என்று பிறகுதான் உறைத்தது.

டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். நான் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று, அபூர்வமாகச் சிலருக்குக் கண் நரம்பைத் தொடும். முதலில் போவது சிவப்பும் பச்சையும். சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லையா என்றார். கேட்டார்கள் என்றேன். ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள்.

பிறகு மேஜையில் இருந்த டியூபை எடுத்துக் காட்டினார். "பச்சை மூடி இது. இதுக்குள்ள பூசியிருக்கற மருந்துலயே லித்தியம் இருக்குது. யார் ரத்தத்த ஊத்தினாலும் லித்தியம் இருக்குதுன்னுதான் காட்டும்."

எனக்குத் தெரியும். நித்திலாவுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன்.

நவம்பர் 3

தாராபுரம் டாக்டர் அந்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார். மற்றவை தொடரும். கோவையில் கண் ஆஸ்பத்திரியில் புள்ளி புள்ளியாக ஒரு புத்தகம் காட்டினார்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்குமாம். முதல் பக்கத்தைத் தவிர வேறு எதிலும் எனக்கு எண்ணே இல்லை. மாதக் கணக்கில் ஆகும், முழுதாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

இவர் பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. "நான்தான் மூச்சு விடாதேன்னேன்" என்றார் ஒரு தடவை. அவர் நோயைப் பற்றித்தானே சொன்னார், கண்ணைப் பற்றியா சொன்னார்?

நவம்பர் 5

டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ரத்தம் எடுப்பதிலிருந்து மாற்றி முன்னால் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார். பழைய சாம்பிள்கள் எல்லாவற்றையும் ரெஜினாவை வைத்துச் சரிபார்த்தார். மஞ்சளும் ஊதாவும் எனக்குத் தவறவில்லை. அந்த இரண்டு நிறம் மட்டும்தான். லித்தியம் பார்க்க வருகிறவர் எங்கள் லேபில் மாஸ்டர் ஒருவர்தான்.

ரெஜினா இன்று டீ வேண்டாம் என்றுவிட்டாள். வயிறு சரியில்லையாம். நேற்றும் சரியில்லை என்றாள்.

நவம்பர் 7

ரெஜினா வீட்டிலிருந்து தனி டம்ளர் கொண்டுவந்திருக்கிறாள். அழகான டம்ளர்.

நவம்பர் 12

மாஸ்டருக்குப் பரவாயில்லையாம், மறுபடி லித்தியம் ஆரம்பித்துவிட்டார்களாம். டாக்டர் நளாயினி கோவை ஆஸ்பத்திரிக்குத் தப்பு எங்களுடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என் பெயரைப் போடவில்லை. "இதோட விட்ரு. அதுதான் எழுதிட்டாங்கல்ல" என்றார் வீட்டில் இவர். விட்டுவிடலாம் என்றுதான் நானும் காலையில் நினைத்தேன். மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டுப் பால் சொசைட்டிக்கு நடந்துகொண்டிருந்தேன். எப்போது முடிவு செய்தேன் என்று தெரியவில்லை.

அம்சவேணி கேன் கழுவுகிற இடத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"உங்க டாக்டரம்மா போன் பண்ணுனாங்க. டியூப் மாறிப்போச்சாம். ஏனுங்க, டியூப் எப்பிடி மாறும்? அதுக்குக் காலா இருக்குது?"

"இல்லீங்க. நான்தான் மாத்தி எடுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். நோயை, மாத்திரையை, கண்ணை. கேட்கக் கேட்க அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"மாத்திரைய அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சேன். அப்பவும் ரிப்போர்ட்ல குறையல. பேண்ட் பாக்கெட்டத் துழாவுனேன், பைக் டேங்க் கவர்ல பாத்தேன். சாப்பாட்டுத் தட்டத் தொட்டுச் சத்தியம் பண்ணாரு. நான் நம்பல. நாக்கத் தூக்கிக் காட்டுங்கன்னு சொன்னேன். சின்னக் கொழந்த மாதிரி வாயத் தொறந்து காட்டுனாரு." கேனைக் கவிழ்த்து வைத்தார். "எல்லாத்தையும் மறந்துருவாருங்க. அது ஒண்ண மறக்க மாட்டாரு."

"நான்தானுங்க மாத்திரைய எடுத்து வைக்கச் சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. நம்பாமப் போனது நான்தான?"

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "கெளம்புங்க. பால் வண்டி வர்ற நேரம்."

நவம்பர் 13

நித்திலாவிடம் சொல்லிவிட்டேன். "அப்ப தைராய்டு இல்லையா?" என்றாள். பிறகு, "எங்கிட்டச் சொல்லியிருந்தா ஜாக்கெட்டாச்சும் நான் எடுத்துக் குடுத்திருப்பனே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள்.

நவம்பர் 21

ரேஷன். அரிசி நன்றாக இருந்தது. பருப்பு இல்லை என்றார்கள்.

நவம்பர் 28

தாராபுரம். "கண்ணு?" என்று கேட்டாள் மாத்திரை கொடுக்கும் பெண். வரிசையை நிறுத்தி வைத்துக்கொண்டு, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள்.

டிசம்பர் 1

ரெஜினா இரண்டு டீ வாங்கி வந்தாள். ஒன்றை என் முன்னால் வைத்தாள். டீ ஆறியிருந்தது, குடித்தேன்.

டிசம்பர் 9

கண் கொஞ்சம் தேவலை. எழுத்துக் கலங்கல் குறைந்திருக்கிறது. நிறம் வரவில்லை, வருகிற மாதிரி இருக்கிறது, பிறகு இல்லை.

இன்று மாஸ்டர் வந்தார். முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆள் பாதியாகிவிட்டார். அம்சவேணி கூட வந்தார். கவுண்டரில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் சீட்டை நீட்டினார். லித்தியம்தான். சத்தம் போட்டு எதுவும் சொல்லவில்லை. சீட்டு நாலாக மடிக்கப்பட்டிருந்தது.

உள்ளே ரெஜினா எடுக்கப் போனாள். ஆஸ்பத்திரியில் குத்திக் குத்தி நரம்பெல்லாம் ஒளிந்துவிட்டது. ஒரு தடவை குத்தினாள், வரவில்லை. கையை மாற்றிக் குத்தினாள், வரவில்லை. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"தமயந்தி அக்காளக் கூப்பிடுங்க" என்றார்.

ரெஜினா கவுண்டரைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் அம்சவேணியைப் பார்த்தார். "நரம்பு பாக்கறதுல அவங்கள மிஞ்ச ஆள் இல்லீங்க. டியூப்ப ரெஜினா எடுத்துக் குடுப்பா. ஆனா நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

அம்சவேணி கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் எழுந்து போனேன். கை கழுவி, உறை போட்டு, மாஸ்டரின் முழங்கை மடிப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். ஆழத்தில் ஒன்று கிடைத்தது. அது கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அம்சவேணி தட்டின் முன்னால் போய் நின்றார். ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதுதானுங்களா?"

ரெஜினா வாயைத் திறந்தாள். டாக்டர் அவள் தோளைத் தொட்டார்.

எதையாவது சொல்லியிருப்பேன், பழைய நானாக இருந்தால். வெளிச்சம் சரியில்லை என்றோ, மூடி மட்டம் என்றோ.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன். "நீங்க சொல்லுங்க."

அம்சவேணி டியூபை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். திரும்பி வந்தார்.

"சிவப்பு" என்றார்.

என்னிடம் தரவில்லை. நான் ஊசியை ஏற்றிவிட்டு, அதன் பின்னால் டியூப் மாட்டும் பிடியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, "இந்த வாயில வெச்சு அழுத்துங்க" என்றேன். குனிந்து வைத்தார்.

"இன்னுங் கொஞ்சம். பயப்படாதீங்க, அவருக்கு வலிக்காது."

அழுத்தினார். மாஸ்டர் மனைவியின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்குள் ரத்தம் ஏறத் தொடங்கியது. என் கண்ணுக்கு அது பழுப்பாகத்தான் இருந்தது.

"வருதுங்களா?" என்றார் அம்சவேணி, நிமிராமலே.

"வருதுங்க" என்றேன்.